முத்திரை விழுந்த முகங்கள்

ஆடிஷனுக்குப் போய்த் திரும்பும் இளம் நடிகர்கள் பலரிடம் ஒரு குறை உண்டு. "எங்கே போனாலும் அடியாள் வேடம்தான்" என்பார் ஒருவர். "எனக்குத் தோழி வேடத்தை விட்டால் வேறில்லை" என்பார் இன்னொருவர். ஒரே வகை வேடத்தின் முத்திரை ஒருவர் மீது விழுவதைத்தான் 'டைப்காஸ்டிங்' என்கிறார்கள்.

இது ஏன் நடக்கிறது? தேர்வுக் குழு ஒரே நாளில் பலரைப் பார்க்கிறது. ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில நிமிடங்களே. அதற்குள் உயரம், குரல், நடை, வயது ஆகியவற்றைக் கொண்டு, 'இவரை யாராகக் காட்டினால் ரசிகர்கள் உடனே நம்புவார்கள்?' என்று கணக்குப் போடுகிறது. ஒரு காட்சியில் மட்டும் வந்துபோகும் பாத்திரத்தை விளக்கிச் சொல்ல நாடகத்தில் நேரமில்லை. தோற்றமே அதன் அறிமுகம். ஆகவே, புதியவருக்கு முதல் வாய்ப்பை வாங்கித் தருவதும் பெரும்பாலும் இந்த முத்திரைதான்.

ஆனால், அதுவே முடிவல்ல. 1977இல் '16 வயதினிலே' படத்தில் வில்லன் பரட்டையாக வந்தவர் ரஜினிகாந்த். அதே ஆண்டில் 'புவனா ஒரு கேள்விக்குறி' படத்தில் இயக்குநர் எஸ்.பி. முத்துராமன் அவருக்கு நல்லவர் வேடம் தந்தார். ஏமாற்றுபவராக நடித்தவர் சிவகுமார். 2009இல் 'வெண்ணிலா கபடிக் குழு' படத்தால் 'பரோட்டா சூரி' ஆனவர், 2023இல் வெற்றிமாறனின் 'விடுதலை'யில் காவலர் குமரேசனாகக் கதையைச் சுமந்தார். முத்திரையைத் தாண்ட ஒருவருக்குக் குறைந்த காலம், இன்னொருவருக்கு 14 ஆண்டுகள்.

ஆடிஷனுக்குச் செல்பவர் இரண்டு காட்சிகளைத் தயார் செய்துகொள்வது நல்லது. ஒன்று, தோற்றத்துக்குப் பொருந்துவது. மற்றொன்று, அதற்குப் பக்கத்து வீடு போன்றது. அடியாளாகத் தெரிபவர், மகளின் பள்ளிக் கட்டணத்துக்காகக் கடன் கேட்கும் தந்தையாக நடித்துக் காட்டலாம். தேர்வுக் குழுவின் மனத்தில் அந்த இரண்டாவது முகமும் பதியும்.

எனினும், எல்லா முத்திரைக்கும் நடிகரே பொறுப்பாக முடியாது. நிறம் கறுப்பு என்பதற்காக ஒரு பெண்ணுக்கு எப்போதும் வேலைக்காரி வேடமே ஒதுக்கப்பட்டால், அது டைப்காஸ்டிங் அல்ல, பாரபட்சம். அதைத் திருத்த வேண்டியவர்கள் எழுதுபவர்களும் தேர்வு செய்பவர்களுமே. அவளுக்கு மருத்துவர் வேடம் கொடுத்துப் பார்க்கட்டும். ரசிகர்கள் நம்புவார்கள்.