புற்றுநோய்ச் சிகிச்சையும் குழந்தைகளின் ஊசி வலியும்

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 லட்சம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. செல்வ நாடுகளில் இவர்களுள் 80 சதவீதத்திற்கும் மேற்பட்டோர் குணமடைகின்றனர். ஏழை நாடுகளில் இவ்விகிதம் மிகக் குறைவு. 2030ஆம் ஆண்டிற்குள் உலகெங்கும் குறைந்தது 60 சதவீதத்தினரையாவது பிழைக்கச் செய்வதென 2018இல் அந்நிறுவனம் இலக்கு வகுத்தது. இதற்கு மருந்து கிடைத்தால் மட்டும் போதாது. தொடங்கிய சிகிச்சை இடையில் நின்றுவிடாமலும் இருக்க வேண்டும்.

நம் நாட்டில் சிகிச்சை இடையில் நின்றுபோவதற்குச் செலவும் தொலைவும் முக்கியக் காரணங்களாகும். 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. ஆயினும் குழந்தையை நாள்தோறும் அச்சுறுத்துவது செலவன்று, ஊசியே.

ஊசிகள் எத்தனை?

குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய் வகைக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீடிக்கும். இரத்தப் பரிசோதனைக்கு ஓர் ஊசி, நரம்பு வழி மருந்துக்கு ஓர் ஊசி, முதுகுத்தண்டு நீரில் மருந்து செலுத்த ஓர் ஊசி, எலும்பு மஜ்ஜை எடுக்க ஓர் ஊசி என இவை தொடர்கின்றன. முதல் ஊசியில் வலியால் துடித்த குழந்தைக்கு அடுத்த ஊசியில் அச்சம் கூடுகிறது. அச்சம் வலியை மேலும் பெருக்குகிறது.

எளிய வழிகள்

லிக்னோகெய்ன், பிரிலோகெய்ன் கலந்த களிம்பைத் தோலில் தடவி, மேலே மூடி ஒட்டி, சுமார் 60 நிமிடங்கள் விட்டால் அவ்விடம் மரத்துப்போகும். முதுகுத்தண்டிலும் எலும்பிலும் குத்தும்போது இது மட்டும் போதாது. அவ்விடத்தில் மரப்பு ஊசியும், பயிற்சி பெற்ற மருத்துவரின் கண்காணிப்பில் மயக்க மருந்தும் தேவை. இவ்விரு சோதனைகளும் ஒரே நாளில் தேவைப்படுமாயின், ஒரே மயக்கத்தில் முடித்துவிடலாம். நெஞ்சுத் தோலின் கீழ்ப் பொருத்தப்படும் மருந்துக் குழாய், நரம்பு தேடிப் பலமுறை குத்துவதைத் தவிர்க்கிறது.

செலவில்லாத வழிகளும் உண்டு. பலர் அழுத்திப் பிடிப்பதற்கு மாறாக, தாயின் மடியில் அமர்த்தலாம். சோப்புக் குமிழி ஊதச் செய்தோ, கதை சொல்லியோ கவனத்தைத் திருப்பலாம். "வலிக்காது" என்று பொய்யுரைக்காமல், நடக்கப்போவதை எளிய சொற்களில் கூறலாம்.

தேவை ஒழுங்கு

களிம்பு விலை கூடிய பொருளன்று. ஆனால் ஊசி போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னரே அதைத் தடவும் பொறுப்பு யாருடையது என்பது வகுக்கப்படாவிட்டால், அது அலமாரியிலேயே கிடக்கும். எனவே வலி தணிப்பைச் செவிலியரின் அன்றாடப் பணிப் பட்டியலில் சேர்ப்பதும், களிம்பையும் மயக்க மருந்தையும் தடையின்றி வழங்குவதும் நிர்வாகத்தின் கடமையாகும். அழாமல் ஊசி போட்டுக்கொண்ட குழந்தையை அடுத்த தவணைக்கு அழைத்து வருவது பெற்றோருக்கும் எளிதாகும்.