மென்பொருளை அளத்தலும் சூழல் அறிதலும்

ஒரு பொருளை நன்றென்றோ தீதென்றோ கூறப் புகுவார் முதற்கண் அதனை அளந்து காண்டல் வேண்டும். நெல்லை மரக்காலாலும், பொன்னை நிறைகோலாலும், நிலத்தைச் சங்கிலியாலும் அளக்கின்றோம். இவை கண்ணுக்குப் புலனாவன. எவ்விடத்து வைத்து அளப்பினும் ஏறத்தாழ ஓரளவே காட்டுவன. கணிப்பொறியை இயக்கும் மென்பொருளோ அத்தகையதன்று. அது கைக்கு அகப்படாத ஆணைகளின் தொகுதி. அதற்கு நிறையுமில்லை, நீள அகலமுமில்லை. ஆயினும் வங்கியின் கணக்கும், புகைவண்டியின் பயணச்சீட்டும், மருத்துவமனையின் கருவிகளும் இன்று அதன் வழியே நடைபெறுகின்றன. ஆதலின் அதன் தரத்தை அளந்தறிதல் கற்றோரின் பொழுதுபோக்கன்று; மக்கள் உயிரோடும் பொருளோடும் தொடர்புடைய கடமையாகும். அக்கடமையைச் செய்வோர் எண்ணை மட்டும் நோக்கி, அவ்வெண் பிறந்த சூழலை நோக்காது விடின் விளையும் கேடு யாது, அதனைத் தவிர்க்கும் நெறி யாது என்பவற்றை ஈண்டுச் சுருங்க விளக்குவாம்.

மென்பொருளை அளக்க அறிஞர் வகுத்த அளவைகள் பலவாம். அவற்றுள் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆயிரம் வரி ஆணைகளுக்கு எத்தனை பிழைகள் காணப்பெற்றன என்று எண்ணுவது ஒன்று. ஓர் ஆணைத்தொகுதியினுள் ஒன்றையொன்று சாராத வழிகள் எத்தனை உள என்று கணக்கிட்டு, அதன் சிக்கலை ஓர் எண்ணாற் குறிப்பது மற்றொன்று. இதனை 1976ஆம் ஆண்டில் தாமஸ் மக்கேப் என்பார் வகுத்தார். ஒரு முறை தவறிய பின் மறுமுறை தவறுதற்கு எவ்வளவு காலம் செல்கின்றது என்று காண்பது பிறிதொன்று. இவையெல்லாம் பயனுடைய அளவைகளே. ஆனால், இவற்றுள் எதுவும் தனித்து நின்று பொருள் தருவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளியலாம். ஒரு மென்பொருளில் ஆயிரம் வரிக்கு 2 பிழைகளும், வேறொன்றில் 5 பிழைகளும் காணப்பட்டன என்று கொள்வோம். முன்னையதே சிறந்ததென்று உடனே கூறிவிடலாமோ? முன்னையதைச் சோதித்தவர் ஒருவர், அதுவும் ஒரு நாள் மட்டும். பின்னையதைச் சோதித்தவர் பதின்மர், ஓராண்டுக் காலம் என்பது தெரியவரின் நம் தீர்ப்புத் தலைகீழாகும். குறைவாகத் தேடினார்க்குக் குறைவாகவே அகப்படும். இனி, காணப்பட்ட பிழைகள் எல்லாம் ஒத்த தீமையுடையன என்றலும் பொருந்தாது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்வர்டு ஆடம்ஸ் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், பெரிய மென்பொருள்களிற் காணப்பட்ட பிழைகளுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு, 5000 ஆண்டு இயக்கத்தில் ஒரு முறையே வெளிப்படத்தக்கவை என்று காட்டினார். நாள்தோறும் துன்புறுத்தும் ஒரு பிழையும், ஐயாயிரம் ஆண்டிற்கு ஒரு முறை தலைகாட்டும் பிழையும் எண்ணிக்கையில் ஒன்றே. பயன்படுத்துவோர்க்கு அவை ஒன்றாகா.

அங்ஙனமாயின், எண்ணோடு சேர்த்து அறிய வேண்டுவன யாவை? இம்மென்பொருளை இயக்குவோர் யாவர், எதன் பொருட்டு இயக்குவர், எவ்வகைப் பொறியில், எவ்வளவு நேரம், எத்துணை வேலைச் சுமையோடு இயக்குவர், இதனை ஆக்கியோர் எம்முறையில் ஆக்கினர், யார் எவ்வாறு சோதித்தனர் என்னும் இவையனைத்தும் அடங்கியதே சூழல் எனப்படுவது. தமிழ் பயில்வார்க்கு இக்கருத்துப் புதியதன்று. பல பொருள் குறித்த ஒரு சொல்லின் பொருள் அதனோடு வரும் வினையினாலும் இனத்தினாலும் சார்பினாலும் தெளியப்படும் என்பது தொல்காப்பியனார் கொள்கை. ‘மா’ என்னும் சொல் ‘பூத்தது’ என்பதனோடு சேரின் மரத்தையும், ‘ஓடிற்று’ என்பதனோடு சேரின் விலங்கையும் உணர்த்துகின்றது. சார்பின்றி நின்ற சொல்லின் பொருளைத் துணிதல் அரிது. அளவையில் நிற்கும் எண்ணும் அத்தகையதே.

சூழலை மறந்தமையால் நேர்ந்த கேட்டிற்கு ஐரோப்பியரின் ஏரியேன் 5 என்னும் ராக்கெட்டின் முதற் பயணம் சிறந்த சான்றாகும். 1996ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4ஆம் நாள், தென்னமெரிக்காவிலுள்ள பிரெஞ்சு கயானாவின் கூரூ என்னும் ஏவுதளத்தினின்று, நான்கு ஆராய்ச்சிச் செயற்கைக்கோள்களைத் தாங்கி அஃது எழுந்தது. பறத்தற்குரிய செயல்கள் தொடங்கி 40 வினாடி அளவில், ஏறத்தாழ 3700 மீட்டர் உயரத்தில், வழி விலகிச் சிதைந்து வெடித்தது. காரணம் ஆராய்தற்கு அமைந்த குழு, ழாக் லூயி லியோன்ஸ் தலைமையில் ஆராய்ந்து, ராக்கெட்டின் நிலையையும் இயக்கத்தையும் உணர்த்தும் கருவியின் மென்பொருளே தவறியது என்று கண்டது.

வியப்பு யாதெனின், அம்மென்பொருள் புதியதன்று. ஏரியேன் 4 என்னும் முந்தைய ராக்கெட்டிற் பல முறை பிழையின்றிப் பயன்பட்டது. அதன்கண், கிடைப்போக்கான விரைவைச் சார்ந்த ஓர் எண்ணை 64 பிட் அளவிலிருந்து 16 பிட் அளவிற்கு மாற்றும் ஆணை ஒன்று இருந்தது. குறியுடைய 16 பிட்டினுள் அடங்கும் பேரெண் 32,767 ஆகும். இவ்வாறு மாற்றப்படும் எண்கள் மிகுந்து வழியக்கூடிய இடங்கள் ஏழு என்று ஆக்கியோர் அறிந்திருந்தனர். கணிப்பொறியின் சுமை மிகாதிருத்தற் பொருட்டு நான்கிற்கு மட்டும் காப்பு அமைத்தனர். எஞ்சிய மூன்றும் எல்லை கடவா என்று கருதி விடுத்தனர். ஏரியேன் 4இன் பாதையில் அக்கருத்து உண்மையே. ஏரியேன் 5இன் பாதையோ வேறு. அதன் கிடை விரைவு ஐந்து மடங்கு வேகமாகப் பெருகியது. எண் எல்லை கடந்தது, கருவி செயலற்றது. துணையாக வைத்த கருவியும் அதே மென்பொருளை உடைமையால், அதுவும் ஒருங்கே வீழ்ந்தது. இதனினும் இரங்கத்தக்கது, அந்த ஆணை ராக்கெட்டு எழுந்த பின் ஏரியேன் 5இற்கு வேண்டப்படாத ஒன்று என்பதே. மேலும், அக்கருவிக்குரிய தேவைக் குறிப்பில் ஏரியேன் 5இன் பாதை விவரங்கள் சேர்க்கப்படவில்லை. அப்பாதையைப் போலச் செய்து கருவியைச் சோதிக்கவுமில்லை. விபத்தின் பின்னர் அவ்வாறு செய்து பார்த்த பொழுது, தவறு அவ்வண்ணமே தோன்றிற்று.

பழந்துருத்தியிற் புதிய திராட்சரசம் வார்த்த உவமையை யாம் அனைவரும் கேட்டுள்ளோம். அத்துருத்தி தன் காலத்து ரசத்தை நன்கு காத்ததே; புதிய ரசத்தின் பொங்குதலுக்கு ஆற்றாமையே அதன் குறை. ஏரியேன் 4இல் இம்மென்பொருள் பெற்ற நற்சான்று பொய்யன்று. அச்சான்று எச்சூழலிற் பெறப்பட்டது என்பது உடன் எழுதப்படாமையே பிழை.

இழந்தவை பொருள்களாயின் மீட்டும் ஈட்டலாம்; அச்செயற்கைக்கோள்களுக்கு ஈடாக வேறு நான்கு 2000ஆம் ஆண்டில் ஏவப்பட்டன. உயிரோ மீளாது. 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரில் சவுதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் நிகழ்ந்தது அத்தகையதாம். ஆங்கு நிறுத்தப்பட்ட பேட்ரியாட் என்னும் காவற்கருவி, வரும் ஏவுகணையை ராடாரால் தொடர்ந்து, அடுத்து அஃது எங்கே தோன்றும் என்று கணித்து, அவ்விடத்தை நோக்குவது. இக்கணிப்பிற்குக் காலம் வேண்டும். கருவி காலத்தை வினாடியின் பத்திலொரு கூறாக எண்ணி, அவ்வெண்ணை வினாடியாக மாற்றியது. பத்திலொன்று என்னும் பின்னம், நம் எண்முறையில் மூன்றிலொன்று முடிவின்றி நீள்வது போல, கணிப்பொறியின் இரும எண்முறையில் முடிவின்றி நீளும். அதனை 24 பிட்டுகளுள் அடக்கியமையால் கடைப்பகுதி வெட்டுண்டு, நுண்ணிய பிழை ஒன்று தங்கிற்று. கருவி இயங்குந்தோறும் அப்பிழை வளர்ந்தது. 8 மணி நேரத்தில் அது 0.0275 வினாடி, 100 மணி நேரத்தில் 0.34 வினாடி. இது சிறிதென்று தோன்றும். ஆனால், ஏவுகணையின் விரைவிற்கு, நூறு மணி நேரப் பிழை 687 மீட்டர் விலகலாம்.

இக்கருவி முதலில் வகுக்கப்பட்டது, இடத்திற்கிடம் பெயர்ந்து, ஓரிடத்திற் சில மணி நேரமே இயங்கும் என்னும் எண்ணத்தோடு. அச்சூழலில் இப்பிழை தீமை செய்யாது. தஹ்ரானிலோ அஃது 100 மணி நேரத்திற்கு மேல் இடையறாது இயங்கியது. 1991 பிப்ரவரி 25ஆம் நாள் வந்த ஸ்கட் ஏவுகணையை அது தவறான இடத்தில் தேடிக் காணாதொழிந்தது. படைவீடு தாக்கப்பட்டு, அமெரிக்கப் படைவீரர் 28 பேர் மாண்டனர்.

இதன்கண் யாம் கூர்ந்து நோக்கற்பாலது ஒன்றுண்டு. இப்பிழை முன்னரே அறியப்படாததன்று. எட்டு மணி நேர இயக்கத்தில் கருவி நோக்கும் எல்லை 20 விழுக்காடு விலகுகின்றது என்பதை இஸ்ரேலியர் பிப்ரவரி 11ஆம் நாளே அளந்து தெரிவித்தனர். திருத்தமும் ஆயத்தமாயிற்று. பிப்ரவரி 21ஆம் நாள், கருவியை மிக நெடுநேரம் இயக்கின் விலகல் நேரும் என்று படையினர்க்கு அறிவிப்பு ஒன்றும் சென்றது. ஆனால் ‘மிக நெடுநேரம்’ என்பது எத்தனை மணி என்று அதில் கூறப்படவில்லை. திருத்திய மென்பொருள் தஹ்ரானை அடைந்தது 26ஆம் நாள். ஒரு நாள் பிந்தியது. அளவை இருந்தது, அறிவிப்பும் இருந்தது, சூழலைக் குறிக்கும் ஓர் எண் மட்டும் இல்லை.

ஓரிடத்து அளவையைப் பிறிதோரிடத்திற்கு எடுத்துச் செல்லுதல் எத்துணை அரிது என்பதற்கு வேறொரு சான்றும் காட்டுவாம். முந்தைய பிழைகளின் கணக்கைக் கொண்டு, இனிப் பிழை தோன்றும் பகுதிகளை முன்னறிந்து கூறும் முறை ஒன்றுண்டு. தாமஸ் சிம்மர்மன் முதலியோர் 2009ஆம் ஆண்டில், ஒரு மென்பொருளினின்று பெற்ற கணக்கு மற்றொன்றற்குப் பயன்படுமா என்று 622 முறை சோதித்தனர். பயன்பட்டவை 3.4 விழுக்காடே. ஒரே துறைக்குரியவையாயினும், ஒரே முறையில் ஆக்கப்பட்டவையாயினும், அவ்வொப்புமை ஒன்றே போதுவதாயில்லை.

இக்கேட்டைத் தவிர்க்கும் நெறிகளையும் அறிஞர் வகுத்துள்ளனர். அமெரிக்க நாட்டு விக்டர் பேசிலியும் அவர் தோழரும் வகுத்த நெறியில், அளவை முதலில் வருவதில்லை. முதலாவது நோக்கம், அதன்பின் அந்நோக்கம் பற்றிய வினாக்கள், இறுதியிலேயே வினாவிற்கு விடை தரும் அளவைகள். நோக்கத்தைக் கூறும்பொழுதே, எப்பொருளை, எதன் பொருட்டு, எப்பண்பு கருதி, யார் நோக்கில், எச்சூழலில் அளக்கின்றோம் என்னும் ஐந்தையும் கூறிவிடல் வேண்டும். ஜான் மூசா என்பார், பயன்படுத்துவோர் எச்செயலை எத்துணை முறை செய்வர் என்பதை முதலில் வரைந்துகொண்டு, அவ்விகிதத்திலேயே சோதிக்க வேண்டும் என்று 1993ஆம் ஆண்டில் விளக்கினார். அனைத்துலகத் தர அமைப்பு 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட நியமம் ஒன்றும், ஒரு பொருளின் பயன்பாட்டெளிமையைக் குறித்த மக்கள், குறித்த நோக்கம், குறித்த சூழல் ஆகியவற்றோடு சார்த்தியே இலக்கணம் கூறிற்று.

இவ்விடத்து ஒரு தடை எழும். சூழலே எல்லாவற்றையும் முடிவு செய்யுமாயின், ஒன்றையொன்றோடு ஒப்பிடுதல் யாங்ஙனம்? தவறியவர் ஒவ்வொருவரும் ‘எம் சூழல் வேறு’ என்று சொல்லித் தப்பலாமே எனின், அற்றன்று. சூழலை எழுதி வைத்தாலன்றி, ஒத்தவை எவை, ஒவ்வாதவை எவை என்று அறிதற்கு வழியில்லை. ஆதலின் அஃது ஒப்புமைக்குத் தடையன்று, ஒப்புமைக்கு அடிப்படை. ஆனால் அதனை அளத்தற்கு முன்னரே எழுதுதல் வேண்டும். அளந்த எண் கசந்த பின்னர்த் தேடிக் கொணரும் சூழல், காரணம் ஆகாது, சாக்குப்போக்கே ஆகும். எல்லாவற்றையும் எழுதப் புகுதலும் வீண்சுமையாம். எது மாறினால் நம் தீர்ப்பு மாறுமோ அதனைத் தேர்ந்து எழுதுதலே அறிவுடைமை. ஏரியேனுக்கு அது பாதை. பேட்ரியாட்டுக்கு அது மணிக்கணக்கு.

வள்ளுவனார் வலியறிதலை ஓர் அதிகாரத்திற் கூறி அமையாது, அதன்பின் காலமறிதலையும் இடனறிதலையும் அடுத்தடுத்து வைத்தார். வலியை அளந்தவன் காலமும் இடமும் அறியானாயின், அளந்த பயனைப் பெறான். மென்பொருளை அளப்பார்க்கும் இவ்வரிசை பொருந்தும். நம் கல்லூரியினின்று மென்பொருள் ஆக்கும் தொழிலிற் புகுவோர் பலர். அதனை வாங்கியும் இயக்கியும் வாழ்வோர் நாம் அனைவருமே. ஒருவர் நம்மிடம் ஓர் எண்ணைக் காட்டி, இது நன்று என்று கூறின், ‘எவர்க்கு, எவ்விடத்து, எத்தனை மணி நேரம்?’ என்று வினவப் பழகுவோமாக. வினவுதற்கு ஒரு நொடி போதும். தஹ்ரானில் அவ்வினாவிற்கு விடை, ஓர் எண்ணாக, உரிய நாளிற் சென்றிருப்பின், கருவியை இடையிடையே நிறுத்தி மீள இயக்கியிருப்பர். பிழை அவ்வப்பொழுது அழிந்திருக்கும்.