ஆற்காடு லுத்தரன் திருச்சபை: விசுவாசமும் ஆராதனையும்

கல்வராயன் மலைக்குக் கிழக்கே, தென்பெண்ணைக் கரையில் உள்ள திருக்கோவிலூர் வட்டாரம் ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் பணிக்களங்களுள் ஒன்று. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட இத்திருச்சபை டேனிஷ் மிஷனரி சங்கத்தின் பணியிலிருந்து வளர்ந்தது. சபைக்குள் சாதி வேறுபாடு அனுமதிக்கப்பட்டதை எதிர்த்து லைப்சிக் மிஷனிலிருந்து விலகிய மிஷனரி கார்ல் ஓக்ஸ், 1860களில் அச்சங்கத்தின் பணியைத் தென்னாற்காட்டில் தொடங்கினார்.

விசுவாசம்
மனிதர் நற்செயல்களால் அல்ல, இயேசு கிறிஸ்துவின் மீதான விசுவாசத்தால் மட்டுமே கடவுளின் கிருபையைப் பெறுகிறார் என்பது லுத்தரன் போதனையின் மையம். வேதாகமமே இறுதி ஆதாரம். மார்ட்டின் லுத்தரின் சிறிய ஞானோபதேசம் (1529), ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை (1530) ஆகியவை இப்போதனையின் விளக்கங்கள்.

சாக்கிரமந்துகள்
ஞானஸ்நானம், திருவிருந்து ஆகிய இரண்டே சாக்கிரமந்துகள். குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் உண்டு. வளர்ந்தபின் ஞானோபதேசம் கற்று, திடப்படுத்தல் பெற்றுத் திருவிருந்தில் சேர்வது மரபு. அப்பத்திலும் திராட்சரசத்திலும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் மெய்யாகவே அளிக்கப்படுகின்றன என்பது நம்பிக்கை.

ஆராதனை
ஞாயிறு ஆராதனை பாவ அறிக்கையில் தொடங்கி, வேதவாசிப்பு, விசுவாசப்பிரமாணம், பிரசங்கம், ஜெபம் எனச் சென்று ஆசீர்வாதத்தில் நிறைவடைகிறது. ஜெர்மானிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகளும், தமிழ் இராகங்களில் அமைந்த கீர்த்தனைகளும் பாடப்படுகின்றன. கிறிஸ்துமஸ், லெந்து நாட்கள், ஈஸ்டர் ஆகியவற்றுடன் அக்டோபர் 31 திருச்சபைச் சீர்திருத்த நாளாகவும் நினைவுகூரப்படுகிறது.