மெலிந்தும் தடித்தும் ஓர் எழுத்து

மதுரையில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது என் பிழைப்பு. மணமக்கள் பெயருக்கு எந்த எழுத்து எடுப்பாக இருக்கும் என்று கேட்பவர்களுக்கு, செரிஃப் வகையைத்தான் காட்டுவேன்.

ஆங்கில செரிஃப் எழுத்தில் கோடுகளின் முனையில் சிறு பட்டை நீட்டிக்கொண்டிருக்கும். தமிழில் அந்த நேர்த்தியைத் தருவது, கோட்டின் தடிமன் மாறுவதுதான். இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவில் 'ழ'வைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே எழுத்துக்குள் கோடு தடித்து, மெலிந்து, மறுபடி தடிக்கும். எனக்கு அலுக்காத அழகு அது!

ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு பெரும்பாலும் ஒரே தடிமன். எங்கள் ஊர் ஆனைமலையில் கி.பி. 770இல் பாறையில் வெட்டிய வட்டெழுத்திலும் இந்த ஏற்ற இறக்கத்தைத் தேட முடியாது. அச்செழுத்தில்தான் அது செழித்தது. 1862இல் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் அச்சாளர் ஹண்ட் அச்சிட்ட வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி, பொடி எழுத்திலும் தமிழ் எவ்வளவு துலக்கமாக நிற்கும் என்பதற்குச் சாட்சி.

நாவல், கவிதை, அழைப்பிதழுக்கு செரிஃப் வகை பொருந்தும். ஃபிளெக்ஸ் பேனருக்கு வேண்டாம். தூரத்தில் மெல்லிய கோடு கண்ணுக்குத் தப்பிவிடும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் தங்க மை போட்டால் அந்தக் கோடுதான் முதலில் விட்டுப்போகும். 'கூ'வின் காலும் கீழ்வரிப் புள்ளியும் இடிக்காதபடி வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள்.

பத்திரிகை அடிக்கக் கொடுக்குமுன், அசல் அளவிலேயே ஒரு பிரதி எடுத்து, வீட்டுப் பெரியவர்களிடம் வாசிக்கக் கொடுங்கள்.