குறட்டையை மறைக்காதீர்கள்

2009ஆம் ஆண்டு செட்டிகுளம் முகாமில் ஒரே கூடாரத்துக்குள் மூன்று குடும்பங்கள் படுத்திருந்தோம். ஒருநாள் காலை தண்ணீர் வரிசையில் நின்றபோது, "அக்கா, இரவு உங்கட குறட்டையில பிள்ளை முழிச்சிட்டான்" என்று பக்கத்தில் படுத்த தங்கச்சி சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்கோ வெட்கத்தில் முகம் சுருங்கிப் போனது. அன்றிலிருந்து எல்லோரும் உறங்கிய பிறகே கண்ணை மூடுவேன்.

ஊர் திரும்பிய பின்னும் அந்த வெட்கம் போகவில்லை. வருடங்கள் போகப் போக களைப்பும் சேர்ந்துகொண்டது. காலையில் எழும்பும்போதே தலையிடி. தையல் மெசினுக்கு முன்னால் இருந்தபடியே தூங்கி விழுவேன். அவரை இழந்த கவலைதான் உடம்பைத் தின்கிறது என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒருநாள் இரவு மகள் என்னைத் தட்டி எழுப்பினாள். "அம்மா, குறட்டை விட்டுக்கொண்டிருந்த நீங்கள் திடீரெண்டு மூச்சே விடேல்லை. நான் பயந்திட்டன்" என்று அழுதாள். அவளே மறுநாள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றாள்.

வைத்தியர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்னால் சாய்ந்து மூச்சுப் பாதை ஒடுங்குகிறது. அதனூடாகக் காற்றுப் போகும்போது மெல்லிய சதைகள் அதிர்வதே குறட்டை. பாதை அடைபட்டால் மூச்சு 10 வினாடிக்கு மேலும் நிற்கலாம். உடனே மூளை எம்மை அரைகுறையாக எழுப்பிவிடும். இரவு முழுவதும் இப்படி நடந்தால் எத்தனை மணிநேரம் படுத்தாலும் களைப்புத் தீராது. இரத்த அழுத்தமும் கூடலாம். மாதவிடாய் நின்ற பின்னர் பெண்களுக்கு இது அதிகமாக வருகிறது.

என் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார்கள். தைரொயிட் சோதனையும் நித்திரைப் பரிசோதனையும் செய்தார்கள். மூச்சுத் தடை இருந்தது, ஆனால் கடுமையாக இல்லை. பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டுவந்த நித்திரைக் குளிசையை நிறுத்தச் சொன்னார்கள். அவ்வகைக் குளிசை தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடுமாம். உங்களுக்கு வைத்தியர் எழுதித் தந்த குளிசையென்றால் நீங்களாக நிறுத்தவேண்டாம், குறட்டை பற்றி அவரிடமே சொல்லுங்கள்.

எனக்குப் பலன் தந்தவை இவை:

• ஒருக்களித்துப் படுத்தல். சட்டையின் முதுகுப் பக்கத்தில் ஒரு பை தைத்து, பழைய ரெனிஸ் பந்தொன்றை வைத்தேன். மல்லாந்தால் குத்தும், தானாகத் திரும்புவேன்.

• உடல் நிறையைக் குறைத்தல். இரவுச் சோற்றைக் குறைத்து, பின்னேரத்தில் நடந்தேன்.

• மூக்கடைப்பைக் கவனித்தல். கொதித்தாறிய நீரில் உப்புக் கரைத்து மூக்கைக் கழுவினேன்.

வீட்டு ஆண்களுக்குக் குறட்டை இருந்தால், மதுவும் புகைத்தலும் அதைக் கூட்டும் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் தினமும் குறட்டை விட்டால் தொண்டைச் சதை வளர்ந்திருக்கிறதா என்று காட்டுங்கள்.

நோய் கடுமையென்றால், முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்திப் பாதையைத் திறந்து வைத்திருக்கும் இயந்திரம் உண்டு. அவுஸ்திரேலிய வைத்தியர் கொலின் சலிவன் 1981இல் அதை அறிமுகப்படுத்தினார். விலை கூடிய பொருள்தான். ஆனாலும் விலைக்குப் பயந்து வைத்தியரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை.

சகோதரிகளே, மூச்சு நிற்பதை முதலில் அறிபவர் பக்கத்தில் படுப்பவரே. எங்களில் பலருக்கு அந்த இடம் வெறுமையாகிவிட்டது. ஆகவே ஒரு இரவு மட்டும் மகளையோ தங்கச்சியையோ பக்கத்தில் படுத்துக் கவனிக்கச் சொல்லுங்கள். சத்தமான குறட்டை, இடையில் மூச்சு நிற்றல், திணறி எழும்புதல், காலைத் தலையிடி, பகல் தூக்கம் இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். எல்லாக் களைப்பும் கவலையால் வருவதல்ல. சிலவற்றுக்கு வைத்தியம் உண்டு.