ஏரியில் விரால் தூண்டில் – சிறு படகு மீன்பிடிப்பு

ஏரி, குளம், அணை நீர்த்தேக்கம் ஆகியவற்றில் சிறு துடுப்புப் படகில் அமர்ந்து, தூண்டிலால் விரால் மீனைப் பிடிப்பது தென்னிந்தியாவில் வளர்ந்து வரும் ஒரு நீர் விளையாட்டு ஆகும். வட அமெரிக்காவில் கயாக் எனப்படும் ஒடுக்கமான படகில் சென்று ‘பாஸ்’ மீன் பிடிக்கும் வழக்கம் பெயர் பெற்றது. நம் நாட்டு ஏரிகளில் பாஸ் மீனின் இடத்தில் இருப்பது விரால். முன்பின் தெரியாத ஓர் ஏரியில், கோடைக்காலத்தில் இந்த மீன்பிடிப்பு எவ்வாறு நடைபெறுகிறது, அதில் உள்ள ஆபத்துகள் யாவை, எங்கே பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பாஸும் விராலும்

பெரிய வாய்ப் பாஸ் வட அமெரிக்க நன்னீர் மீன். நீர்த்தாவரங்களின் நிழலில் அசையாமல் காத்திருந்து, அருகில் வரும் சிறு மீனையும் தவளையையும் ஒரே பாய்ச்சலில் விழுங்கும். இவ்வகையில் பிடிபட்ட மிகப் பெரிய மீன் 1932இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெரி என்பவர் பிடித்தது. அதன் எடை ஏறத்தாழ 10 கிலோ. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் அதற்கு இணையான மீனைப் பிடித்தார்.

விராலின் அறிவியல் பெயர் சன்னா ஸ்ட்ரையேட்டா. வட்டார வழக்கில் வரால் என்றும் கூறுவர். பாம்பின் தலையை ஒத்த தலை, உருண்டு நீண்ட உடல், முதுகில் கரும்பச்சை, வயிற்றில் வெண்மை ஆகியவை இதன் அடையாளங்கள். இதன் உறவினமான குரவை மீன் உருவில் சிறியது. தெலங்கானா மாநிலம் விராலைத் தன் மாநில மீனாக அறிவித்துள்ளது.

பாஸைப் போலவே விராலும் ஒளிந்திருந்து இரை பிடிக்கும். இரண்டுக்கும் முக்கியமான வேறுபாடு சுவாசத்தில் உள்ளது. பாஸ் செவுள்களால் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனையே நம்பி வாழ்கிறது. விராலுக்குச் செவுள்களுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் துணை உறுப்பு உண்டு. எனவே அது அடிக்கடி நீரின் மேல்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கிச் செல்ல வேண்டும். ஏரி வற்றும்போது ஈரச் சேற்றுக்குள் புதைந்து உயிர் பிழைக்கவும் இந்த உறுப்பே உதவுகிறது.

கோடையில் விராலை எளிதில் காண்பது ஏன்?

நீரின் வெப்பம் கூடக் கூட அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் இது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. மேலும், இரவில் நீர்த்தாவரங்கள் ஒளிச்சேர்க்கை செய்வதில்லை, ஆனால் சுவாசிக்கின்றன. ஆகவே விடியற்காலையில் ஏரி நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும்.

இந்நிலையில் கெண்டை போன்ற மீன்கள் சோர்ந்துவிடும். விராலோ மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு வேட்டையைத் தொடரும். அமைதியான நீரில் ‘களுக்’ என்ற ஒலியும், ஒரு வளையமும், ஓரிரு குமிழ்களும் தோன்றினால் அங்கே விரால் இருக்கலாம். கோடையில் நீர் குறைந்து மீன்கள் சிறு பரப்பில் ஒடுங்குவதும் தூண்டில்காரருக்குச் சாதகம். ஆனால் இந்தச் சாதகமே மீனுக்கு ஆபத்தாகிறது. வற்றிய ஏரியில் எஞ்சியிருக்கும் விரால்களே அடுத்த மழைக்குப் பின் பெருகப்போகும் மீன்களின் தாய் தந்தையர்.

தெரியாத ஏரியைப் படித்தல்

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உள்ள பெரும்பாலான ஏரிகள் பாசனத்துக்காக மனிதர் அமைத்தவை. ஆகவே அவற்றின் அமைப்பு ஒரே முறையைப் பின்பற்றுகிறது. அதைத் தெரிந்துகொண்டால் புதிய ஏரியையும் ஓரளவு கணிக்கலாம்.

கரை: ஏரியின் ஒரு பக்கத்தில் மட்டுமே உயர்ந்த மண்கரை இருக்கும். கரையை ஒட்டிய பகுதியே பொதுவாக ஆழமானது.

மதகு: பாசன நீர் வெளியேறும் வாயில். இதன் முன்பகுதி கோடையிலும் நீர் தங்கும் பள்ளமாக இருக்கும். நீர் திறந்திருக்கும்போது இழுப்பு இருக்கும் என்பதால் படகு இங்கே நெருங்கக் கூடாது.

கலங்கல்: மிகுதி நீர் வழிந்தோடும் பகுதி. மழைக்காலத்தில் ஆபத்தானது.

நீர்ப்பிடிப்புப் பக்கம்: கரைக்கு எதிர்ப்புறம், வாய்க்கால் நீர் வந்து சேரும் பகுதி. ஆழமற்றது, கோரையும் அல்லியும் தாமரையும் மண்டியிருக்கும். விரால் விரும்பும் இடம் இதுவே.

இந்த முறைக்கு அடங்காத ஒன்று உண்டு. வண்டல் மண், செம்மண் ஆகியவற்றை எடுப்பதற்காக ஏரிக்குள் தோண்டப்பட்ட குழிகள் நீருக்கடியில் தெரியாது. முழங்கால் அளவு நீரில் நடந்து செல்பவர் அடுத்த அடியில் ஆளுயரத்துக்கு மேற்பட்ட பள்ளத்தில் இறங்கிவிடலாம். ஏரியில் இறங்குவோர் மூழ்கி இறப்பதற்கு இத்தகைய குழிகள் ஒரு முக்கியக் காரணம். நீந்தத் தெரிந்தவரும் தாமரைத் தண்டுகள் காலில் சுற்றிக்கொண்டால் தவிக்க நேரிடும். எனவே புதிய ஏரியில் முதலில் செய்ய வேண்டியது, ஊரில் மாடு மேய்ப்பவரையோ வலை வீசுபவரையோ கேட்டுப் பள்ளங்கள் எங்கே உள்ளன என்று தெரிந்துகொள்வதாகும்.

படகும் கருவிகளும்

ஏரி மீனவர்கள் காற்றடைத்த லாரி டியூப், தெர்மாகோல் மிதவை, பரிசல் ஆகியவற்றை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். கயாக் என்னும் சொல் ஆர்க்டிக் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் மொழியிலிருந்து வந்தது. அவர்கள் மரச்சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்திப் படகு செய்தனர். இன்று மீன்பிடிக்கப் பயன்படும் கயாக் நெகிழியால் ஆனது. ஒருவர் மேலே அமர்ந்து இரட்டை இலைத் துடுப்பால் செலுத்துவது. இயந்திர ஒலி இல்லாததாலும், ஒரு சாண் ஆழ நீரிலும் மிதப்பதாலும் தாமரைக் கூட்டத்தின் அருகே ஓசையின்றிச் செல்ல முடிகிறது.

விராலுக்கு முற்காலத்தில் உயிருள்ள தவளையையே இரையாகக் கோப்பர். இன்று ரப்பர் தவளை அந்த இடத்தைப் பிடித்துள்ளது. அதன் முள்கள் உடலோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் இலைகளில் சிக்காமல் நீரின் மேல் தத்திச் செல்லும். விரால் கவ்வும்போது ரப்பர் அமுங்கி முள் வெளிப்படும். வயலில் பூச்சிகளைத் தின்னும் தவளைகளுக்கும் இது நன்மை. தவளைகள் பெருமளவில் கொல்லப்பட்டதால் தவளைக்கால் ஏற்றுமதியை இந்திய அரசு 1987இல் தடை செய்தது நினைவுகூரத் தக்கது.

செடிகளுக்கு இடையே மீனை இழுக்க வேண்டியிருப்பதால் மெல்லிய தங்கூசியைவிடப் பின்னல் நரம்பு ஏற்றது. தூண்டில் முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்கிவிட்டால், மீனை விடுவிப்பதும் கையில் ஏறிய முள்ளை எடுப்பதும் எளிது.

ஒரு கோடை நாளின் போக்கு

மே மாதத்தில் புதுச்சேரிப் பகுதியில் ஏறத்தாழ 5.45 மணிக்குச் சூரியன் உதிக்கும். அதற்கு முன்பே கரையை அடைந்து, வெளிச்சம் வந்தபின் படகை இறக்குவது நல்லது. 6 முதல் 8 மணி வரை விரால் சுறுசுறுப்பாக இரை தேடும். தாமரை இலைகளின் விளிம்பு, கோரைத் திட்டுகளுக்கு இடையேயான சந்து, நீரில் சாய்ந்த கருவேல மரத்தின் அடி ஆகிய இடங்களில் தவளையை வீசி, சிறிது நிறுத்தி, மெல்ல இழுக்க வேண்டும். மீன் தாக்கிய கணத்தில் தூண்டிலை வெடுக்கென இழுப்பது தொடக்கநிலையாளர் செய்யும் தவறு. விரால் இரையை வாய்க்குள் திருப்பிக்கொள்ள ஓரிரு நொடிகள் தேவை.

9 மணிக்கு மேல் வெயில் ஏறும். மீன் அடர்ந்த நிழலுக்குள் போய்விடும். கத்திரி வெயிலில் நீரின் மேல் அமர்ந்திருப்பவர்மீது வெயில் மேலிருந்தும், நீரில் பட்டுத் திரும்பியும் தாக்கும். தாகம் எடுக்குமுன்பே நீர் அருந்த வேண்டும். தலைவலி, மயக்கம், வியர்வை நின்றுபோதல் ஆகியவை வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகள்; உடனே நிழலுக்குத் திரும்புவதே வழி.

கடலோரப் பகுதிகளில் காற்றைக் கணிப்பது மிக முக்கியம். கோடைக் காலையில் பெரும்பாலும் மேற்கிலிருந்து நிலக்காற்று வீசும். நண்பகலை ஒட்டிக் கிழக்கிலிருந்து கடற்காற்று எழும். காலையில் கிழக்குக் கரையிலிருந்து புறப்பட்டு மேற்கு நோக்கித் துடுப்புப் போட்டவர், நண்பகலில் களைத்த கைகளோடு எதிர்க்காற்றில் திரும்ப வேண்டியிருக்கும். ஆகவே கடற்காற்று எழுமுன் கரை சேர்ந்துவிட வேண்டும். மீண்டும் மாலை 4 மணிக்கு மேல் தொடங்கி, இருட்டுமுன் முடித்துக்கொள்ளலாம். மேற்கே கருமேகம் திரண்டால் காத்திருக்கக் கூடாது. கோடை இடிமழையின்போது திறந்த நீர்ப்பரப்பில் உயர்ந்து நிற்பது படகில் உள்ளவரும் அவர் கையிலுள்ள தூண்டில் கம்புமே. கார்பன் இழையாலான கம்பு மின்சாரத்தைக் கடத்தும். தாழ்வான மின்கம்பிகளின் அருகிலும் அதை உயர்த்தக் கூடாது.

பாதுகாப்பு விதிகள்

1. உயிர்காப்பு மிதவை அங்கியைப் படகில் வைத்திருப்பது போதாது, அணிந்திருக்க வேண்டும்.
2. தனியாகச் செல்லக் கூடாது. திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும்.
3. நங்கூரக் கயிற்றைப் படகின் முன்முனையிலோ பின்முனையிலோ கட்ட வேண்டும். பக்கவாட்டில் கட்டினால் காற்றில் படகு கவிழும்.
4. கவிழ்ந்த படகில் மீண்டும் ஏறுவதை, கரையோர ஆழமற்ற நீரில் முன்னதாகவே பழகியிருக்க வேண்டும். படகு கவிழ்ந்தால் அதை விட்டு நீந்திச் செல்லாமல் பற்றிக்கொண்டிருப்பதே பாதுகாப்பு.

ஊசுடேரியும் சட்டமும்

புதுச்சேரி நகரின் மேற்கில் உள்ள ரெட்டியார்பாளையத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் ஊசுடேரி அமைந்துள்ளது. புதுச்சேரிப் பகுதியிலுள்ள 84 ஏரிகளில் மிகப் பெரியது இதுவே. ஏறத்தாழ 800 எக்டேர் பரப்புள்ள இந்த ஏரியின் ஒரு பாதி புதுச்சேரியிலும் மறு பாதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்திலும் உள்ளது. சங்கராபரணி ஆற்றின் நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இதற்கு வருகிறது. இங்கே படகு சவாரியும் நடைபெற்றுள்ளது.

இத்தனை அருகில் இவ்வளவு பெரிய ஏரி இருக்கும்போது அங்கேயே தூண்டில் போடலாமே என்று இளைஞர்களுக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் ஊசுடேரி 2008இல் புதுச்சேரி அரசால் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பகுதியும் பின்னர் சரணாலயமாயிற்று. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி உயிரினங்களைப் பிடிப்பது குற்றம். அறுந்து விழும் நரம்பு, நீர்க்காகம், நாமக்கோழி போன்ற பறவைகளின் காலிலும் சிறகிலும் சுற்றி அவற்றைக் கொல்லும். ஆகவே ஊசுடேரி தூண்டிலுக்கு உரிய இடம் அன்று. தொலைநோக்கிக்கு உரிய இடம். விரால் எவ்வாறு மூச்சு வாங்குகிறது, எந்த நேரத்தில் எங்கே புரள்கிறது என்பதைக் கரையிலிருந்தே அங்கு கற்றுக்கொள்ளலாம்.

மற்ற ஏரிகளிலும் மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்படுகிறது. மீன்குஞ்சு விட்டு வளர்ப்பவரின் வருமானம் அது. குத்தகைதாரரிடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ ஊராட்சியிடமோ கேட்டு அனுமதி பெற்ற பின்பே படகை இறக்க வேண்டும்.

குஞ்சுகளைக் காக்கும் பெற்றோர்

விரால் தன் குஞ்சுகளைக் காக்கும் மீன். செடிகளுக்கு இடையே சிறு இடத்தைத் துப்புரவாக்கி முட்டையிடும். முட்டைகள் மஞ்சள் நிற மணிகளாக மேலே மிதக்கும். பொரித்த குஞ்சுகள் செந்நிறத்தில் ஒரே கூட்டமாக நீர்மட்டத்தில் துள்ளும். பல நாட்களுக்குத் தாயோ தந்தையோ அக்கூட்டத்தின் கீழேயே சுற்றிக்கொண்டு, நெருங்கும் எதையும் தாக்கும்.

இந்நேரத்தில் அது பசிக்காக அன்றி, குஞ்சுகளைக் காக்கவே ரப்பர் தவளையைத் தாக்குகிறது. அதனால் மிக எளிதில் பிடிபடும். பிடித்தவருக்குக் கிடைப்பது ஒரு மீன். காவல் இழந்த குஞ்சுகளோ கெண்டைக்கும் கொக்குக்கும் இரையாகிவிடும். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் படகைத் திருப்பிக்கொள்வது நல்ல தூண்டில்காரரின் முதல் ஒழுக்கம். பாஸ் இனத்திலும் ஆண் மீன் கூட்டைக் காக்கும் என்பதால் அங்கும் இதே கேள்வி எழுகிறது.

மீனை ஏரி மாற்றி விடுவதும் தவறு. 1925இல் ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்ட பாஸ், அந்நாட்டு உள்ளூர் மீன்களை அழிக்கும் அயல் உயிரினமாகிவிட்டது. ஆசிய விரால் இனம் ஒன்று 2002இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலக் குளம் ஒன்றில் காணப்பட்டபோது, அந்நாட்டு அதிகாரிகள் குளத்துக்கு நஞ்சிட்டு அதை ஒழிக்க நேர்ந்தது. இந்தியாவில் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் ஏரிகளிலும் பரவியுள்ளது. தூண்டிலில் அது சிக்கினால் மீண்டும் நீரில் விடலாகாது.

உணவுக்குத் தேவையான ஒன்றிரண்டு மீன்களை மட்டும் எடுத்துக்கொண்டு, குஞ்சு விரால்களையும் சினை மீன்களையும் ஈரக் கையால் பிடித்து நீரிலேயே விட்டுவிடுவது, அடுத்த கோடையிலும் அதே ஏரியில் விரால் இருப்பதற்கான வழியாகும்.