வன்னி வீடும் மின்னிணைப்பாளரும்

உழவர் ஒருவர் மண்வெட்டி வாங்கச் சென்றால் அதன் அலகைத் தட்டிப் பார்ப்பார். பிடியைக் கையில் ஏந்திப் பார்ப்பார். வீடு கட்டுபவர் கதவை இழுத்து மூடிப் பார்த்தே தச்சரின் திறமையை மதிப்பிடுவார். கிணறு வெட்டியவரின் உழைப்பைச் சுரந்து வரும் நீரே சொல்லிவிடும். மின்னிணைப்பாளரின் வேலையோ அத்தகையதன்று. அதன் பெரும்பகுதி சுவருக்குள்ளும் குழாய்க்குள்ளும் நிலத்துக்குள்ளும் மறைந்து கிடக்கின்றது. விளக்கு எரிகின்றது, விசிறி சுழல்கின்றது என்று கண்ட அளவிலே வீட்டுக்காரர் மனநிறைவு கொண்டு கூலியைக் கொடுத்துவிடுகின்றார். ஆனால், விளக்கு எரிவது வேலை முடிந்தது என்பதற்குச் சான்றேயன்றி, அது பாதுகாப்பாக முடிந்தது என்பதற்குச் சான்றாகாது. மின்னிணைப்பாளரை அமர்த்தும் எவரும் முதற்கண் உணர வேண்டிய உண்மை இதுவே.

வன்னிப் பெருநிலப்பரப்பில் இவ்வுண்மைக்குத் தனியானதொரு முக்கியத்துவம் உண்டு. 1990-ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மாவட்டங்கள் நாட்டின் மின்வலையமைப்பினின்றும் அறுபட்டுப் போயின. மண்ணெண்ணெய் விளக்கே இரவின் ஒளியாயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோரும், வாகன மின்கலத்தைக் கொண்டு ஒரு விளக்கை ஏற்றியோரும், சிறு மின்பிறப்பாக்கியை இயக்கிக் கடை நடத்தியோரும் பலர். 2009-இல் போர் முடிந்த பின்னரே வவுனியாவிலிருந்து கிளிநொச்சி நோக்கி 132 கிலோவோற்று மின்தொடர் மீள அமைக்கப்பட்டது. ஊர்களுக்கும் கம்பங்கள் வந்தன. மீள்குடியேறிய மக்கள் வீட்டுத்திட்டங்களின் உதவியோடு புதுவீடுகளைக் கட்டினர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மின்சாரத்தோடு பழகாதிருந்த ஒரு சமுதாயத்துக்கு அது மிகக் குறுகிய காலத்தில் வந்து சேர்ந்தது. தந்தை மகனுக்குச் சொல்லிக் கொடுக்கும் எச்சரிக்கைகள் பல அவ்விடைவெளியில் சொல்லப்படாமலே போயின. ஆகவே, நல்ல தொழிலாளியைத் தேர்ந்தெடுக்கும் அறிவு இவ்வூர்களில் மிகவும் வேண்டற்பாலது.

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோற்று அழுத்தம் உடையது. அது உயிர்க்கம்பி வழியாக வந்து, விளக்கிலோ இயந்திரத்திலோ வேலை செய்து, நொதுமற்கம்பி வழியாகத் திரும்பிச் செல்கின்றது. இவ்விரு கம்பிகளும் இருந்தாலே எந்தக் கருவியும் இயங்கும். மூன்றாவதான புவிக்கம்பி, கருவி நன்றாக இருக்கும் காலத்தில் யாதொரு வேலையும் செய்வதில்லை. ஆதலாற்றான், செலவைக் குறைக்க விரும்புவோர் முதலிற் கைவிடுவது அதனையே. அது இல்லாக் குறையைப் பல ஆண்டுகள் ஒருவரும் அறியார்.

கிணற்றடியில் நீரிறைக்கும் மோட்டரை எடுத்துக்கொள்வோம். அதன் உட்சுருளின் காப்பு ஈரத்தாலோ வெப்பத்தாலோ பழுதடைந்தால், உயிர்க்கம்பியின் மின்சாரம் இரும்புக் கூட்டுக்குப் பரவிவிடும். புவிக்கம்பி ஒழுங்காக இணைக்கப்பட்டிருப்பின், அம்மின்சாரம் அதன் வழியே நிலத்துக்குப் பாயும். வீட்டின் பாதுகாப்புக் கருவி அதனை உணர்ந்து இணைப்பைத் துண்டித்துவிடும். புவிக்கம்பி இல்லையாயின் கூடு மின்னேறியபடியே காத்திருக்கும். மோட்டரோ வழக்கம்போல் ஓடும். ஈரக்காலோடு வந்து அதனைத் தொடுபவரின் உடலே புவிக்கம்பியாகிவிடும். வெங்காயப் பாத்திக்கு நீர் பாய்ச்சச் சென்றவரும், கிணற்றடியிற் குளிக்கச் சென்ற சிறுவரும் உயிரிழக்கும் வழி இதுவே.

மேற்கூறிய பாதுகாப்புக் கருவியையே ஊரார் ட்ரிப் சுவிச் என வழங்குகின்றனர். உயிர்க்கம்பியாற் சென்ற மின்னோட்டமும் நொதுமற்கம்பியால் திரும்பும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று அது இடையறாது ஒப்புநோக்கிக்கொண்டிருக்கும். வேறுபாடு 30 மில்லியம்பியர் அளவுக்கு உயர்ந்தால், எங்கோ கசிவு உண்டு என உணர்ந்து கணப்பொழுதில் இணைப்பை அறுத்துவிடும். சுற்றுடைப்பான்கள் எனப்படும் சிறு ஆளிகள் வேறு. அவை கம்பி தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் பாய்வதைத் தடுத்து, தீப்பற்றாமற் காப்பன. ஒன்று மனிதரைக் காக்கும். மற்றையது கம்பியைக் காக்கும். இரண்டும் வேண்டும். ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுகின்றது என்று சலித்து, அதனை விலக்கி நேரே கம்பியை இணைத்துத் தரும்படி கேட்போர் சிலர் உண்டு. அவ்வாறு இணைத்துக் கொடுப்பவர் எத்துணைக் குறைந்த கூலி கேட்டாலும் அவரை மறுபடியும் அழைத்தலாகாது. விழுவதன் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பவரே தொழில் அறிந்தவர்.

புவித்தொடுப்பைப் பற்றி இன்னுமொன்றும் அறிதல் வேண்டும். நிலத்தில் அடிக்கப்படும் செப்புப் பூச்சுடைய கோல், ஈரமான மண்ணிலேயே நன்கு பயன்படும். வன்னியோ வறள்வலயம். மாரி மழைக் காலத்தில் நனைந்திருக்கும் மண், வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை வரண்டு இறுகிவிடும். மாரியிற் சோதித்தபோது திருத்தமாக இருந்த புவித்தொடுப்பு கோடையிற் பயனற்றுப் போதல் கூடும். அனுபவம் மிக்க தொழிலாளி, கோலைக் குளிக்கும் நீர் வடியும் பக்கம் போன்ற ஈரமான இடத்தில் ஆழமாக அடிப்பார். அதன் தடையைக் கருவி கொண்டு அளப்பார். தேவையாயின் இன்னொரு கோலையும் சேர்ப்பார். இடத்தைப் பாராது, சுவரோரத்திற் கைக்கெட்டியவாறு அடித்துவிட்டுப் போவது தொழிலறிவு ஆகாது.

இனி, எவரை அமர்த்துவது என்னும் வினாவுக்கு வருவோம். இலங்கையில் மின்னிணைப்பாளர்க்குத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ்கள் மட்டம் மட்டமாக வழங்கப்படுகின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016-இல் தொடங்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும், தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களும் இளைஞரைத் தொழில்களிற் பயிற்றி வருகின்றன. கல்லூரி வாசலை மிதியாது, கையனுபவத்தாலேயே தேர்ச்சி பெற்ற மூத்த தொழிலாளரும் வன்னியில் உளர். போர்க்காலத்தில் கிடைத்ததைக் கொண்டு இயந்திரங்களை ஓடவைத்த அவர்தம் திறமை போற்றத்தக்கது. அவர்களும் தம் அனுபவத்தை மதிப்பீட்டுக்கு உட்படுத்தி அதே சான்றிதழைப் பெற வழியுண்டு. ஆகவே, சான்றிதழைக் காட்டுமாறு கேட்பது எவரையும் அவமதிப்பதன்று.

சான்றிதழோடு சில கேள்விகளும் பயன் தரும். அவரிடம் சோதனைக் கருவிகள் உள்ளனவா? காப்புத் தடையை 500 வோற்றில் அளக்கும் மெகர் என்னும் கருவியை அவர் பயன்படுத்துவாரா? முன்பு வேலை செய்த வீடு ஒன்றைக் காட்டுவாரா? வேலை தொடங்குமுன் தலைமை ஆளியை நிறுத்தி, மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்த பின்னரே கம்பியைத் தொடுகின்றாரா? இக்கடைசிக் கேள்விக்கு வாயால் விடை பெற வேண்டியதில்லை, பார்த்தே அறியலாம். தம் உயிரைப் பேணத் தெரியாதவர் பிறர் வீட்டைப் பேணுவார் என எதிர்பார்ப்பதற்கில்லை.

செலவைப் பற்றிய பிணக்கு பெரும்பாலும் வாய்ப்பேச்சால் விளைவது. பொருளுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று தனித்தனியே எழுதி வாங்குதல் நன்று. கம்பியின் தடிப்பும் அதிற் குறிக்கப்படல் வேண்டும். விளக்குகளுக்கு 1 சதுர மில்லிமீற்றர் கம்பி போதுமாயினும், 13 அம்பியர் குதைகளுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் கம்பி இடுவதே வழக்கம். மெல்லிய கம்பியில் பெரிய கருவிகளை ஓட்டினால் சுவருக்குள் அது சூடேறி, நாளடைவிற் காப்பு உருகும். கம்பி, ஆளி, குதை ஆகியவற்றை எஸ்.எல்.எஸ். முத்திரை பார்த்து வாங்குதல் வேண்டும். இவற்றில் மிச்சம் பிடிக்கும் பணம் மிகச் சிறிது; அதனால் வரும் இழப்போ ஈடு செய்ய முடியாதது.

எல்லை ஒன்றையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். கம்பத்திலிருந்து மீற்றர் வரையுள்ளது மின்வழங்கும் நிறுவனத்தின் பொறுப்பு. மீற்றருக்கு அப்பாலுள்ளதே வீட்டுக்காரரின் பொறுப்பு. அங்கேதான் ஊர் மின்னிணைப்பாளர்க்கு வேலை. மீற்றரின் முத்திரையை உடைக்கவோ கம்பத்தில் ஏறவோ அவருக்கு உரிமையில்லை. அயல்வீடுகளிலும் விளக்கு அணைந்திருந்தால், மின்பட்டியலிற் குறிக்கப்பட்ட இலக்கத்துக்கு அறிவித்தலே முறை.

அவசர வேளைகளில் மின்னிணைப்பாளர் வந்து சேருமுன் வீட்டார் செய்ய வேண்டியவையும் உண்டு. கரிந்த மணம் வீசினாலோ தீப்பொறி தெறித்தாலோ தலைமை ஆளியை நிறுத்துக. தீயின்மேல் நீரை ஊற்றற்க. ஒருவரை மின்சாரம் பற்றிக்கொண்டால், அவரை வெறுங்கையால் தொடாது, முதலில் ஆளியை நிறுத்துக. அஃது இயலாதபோது உலர்ந்த மரத்தடியால் அவரை விலக்குக. மூச்சு நின்றிருப்பின் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து, அம்புலன்ஸ் வரும்வரை நடுமார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துக. கம்பத்திலிருந்து அறுந்து விழுந்த கம்பிக்கு 10 மீற்றருக்குள் எவரும் செல்லலாகாது.

வெள்ளம் வன்னிக்குப் புதியதன்று. 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல ஊர்கள் நீரில் மூழ்கின. வீட்டுக்குள் நீர் ஏறுமுன், நிற்குமிடம் உலர்ந்திருக்கும்போதே தலைமை ஆளியை நிறுத்திவிட வேண்டும். நீர் வடிந்தவுடன் ஆவலோடு ஆளியைப் போடுவது பேராபத்து. நீரில் நனைந்த குதைகளையும் மோட்டரையும் மின்னிணைப்பாளர் கழற்றி உலர்த்தி, காப்பை அளந்து பார்த்த பின்னரே மின்சாரம் மீளலாம். அதுவரை விளக்கின்றிக் கழியும் இரண்டொரு இரவுகள் வன்னி மக்களுக்குப் பெரிதல்ல.

மின்தடையின்போது மின்பிறப்பாக்கியை வீட்டுக் குதையொன்றிற் செருகி வீடு முழுவதையும் ஒளிரச் செய்யும் வழக்கம் சிலரிடம் இருக்கின்றது. அவ்வாறு செய்தால் மின்சாரம் மீற்றரைக் கடந்து தெருக்கம்பிக்கும் செல்லும். கம்பத்து மின்மாற்றி அதனைப் பல்லாயிரம் வோற்றாக உயர்த்திவிடும். மின்சாரம் நிறுத்தப்பட்டதென நம்பிக் கம்பத்தில் ஏறிய தொழிலாளி அதனால் உயிரிழப்பார். இரு வழிகளும் ஒருபோதும் ஒன்றுசேராதபடி தடுக்கும் மாற்று ஆளியைப் பொருத்துவித்தலே இதற்குத் தீர்வு.

இவையனைத்திலும் கொடியது வேலிக்கு மின்சாரம் பாய்ச்சுதல். காட்டோர வயல்களில் யானையும் பன்றியும் ஒரே இரவில் ஒரு போகத்து உழைப்பை அழித்துவிடுகின்றன. உழவரின் துயரம் உண்மையானது. முறையான யானைவேலியில் அதற்கென அமைந்த கருவி, செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு முறை, மிகமிகச் சிறு நேரமே நீடிக்கும் துடிப்பை அனுப்புகின்றது. அது விலங்கை வெருட்டுமேயன்றிக் கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேரே வேலியில் இணைப்பதோ சட்டவிரோதம்; யானையைக் கொல்லும், இருளில் வரும் அயலவரையும் கொல்லும், சிலவேளை இணைத்தவரின் பிள்ளையையே கொல்லும். இவ்வேலைக்கு அழைக்கப்படும் மின்னிணைப்பாளர் மறுத்து விடுதல் வேண்டும். மறுத்தவரை ஊர் மதித்தலும் வேண்டும்.

தொலைவிலுள்ள பட்டினத்து நிறுவனத்தைவிட, கூப்பிட்ட குரலுக்கு வரக்கூடிய ஊர்த் தொழிலாளியே நள்ளிரவில் உதவுவார். அத்தகையவரை ஆபத்து வந்த பின்னர்த் தேடுவது மதியன்று. அமைதியான நாளொன்றில் அவரை அழைத்து, வீட்டின் இணைப்புகளைச் சோதிப்பித்து, எந்த ஆளி எந்த அறைக்கு உரியது என எழுதி ஒட்டுவித்துக்கொள்ள வேண்டும். கூலியைக் கொடுக்குமுன், ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டுமாறும், புவிக்கோல் இருக்கும் இடத்தையும் அதன் அளவீட்டையும் காட்டுமாறும் கேட்க வேண்டும். நல்ல தொழிலாளி அக்கேள்வியால் சினங்கொள்ளார். தம் மறைந்த வேலையைப் பார்க்க ஒருவர் விரும்பினாரே என்று மகிழ்வார். அவருக்குரிய கூலியைக் குறைக்காது கொடுத்தல் வீட்டாரின் கடமை.